பட்டியல் பார்த்துப் பல்கலைக்கழகம் தேர்வதா?

மேனிலைப் பள்ளித் தேர்வு முடிவுகள் வெளிவந்த மறுநாளே தமிழ்நாட்டின் சாலையோரங்கள் எல்லாம் எண்களால் நிரம்பிவிடுகின்றன. பேருந்து நிலைய வாயிலில் ஒரு தட்டி. தொடர்வண்டிப் பாலத்தின்மேல் ஒரு தட்டி. செய்தித்தாளின் முதற்பக்கம் முழுமையும் விழுங்கிக்கொண்டு ஒரு விளம்பரம். நாட்டிலேயே இத்தனையாவது இடம், ஆசியாவிலேயே இத்தனையாவது இடம், தனியார் கல்லூரிகளுள் முதலிடம் என்று ஒவ்வொன்றும் முழங்குகின்றது. எந்தப் பட்டியலில், எந்த ஆண்டில், எந்த அளவுகோலால் என்னும் வினாக்களுக்கு விடை அத் தட்டியின் அடியில் எறும்பளவு எழுத்தில் இருந்தாலும் இருக்கும். இல்லாதிருந்தாலும் கேட்பார் இல்லை. முதலிடம் பெறாத கல்லூரி ஒன்றேனும் இந் நாட்டில் உண்டோ என்று ஐயுறும்படி முதலிடங்கள் மலிந்து கிடக்கின்றன.

இம் முழக்கத்தினிடையே நின்று திகைப்பவர் யாவர்? படித்த குடும்பத்தார் அல்லர். அவர்க்கு வழிகாட்ட அண்ணனோ மாமனோ அலுவலகத் தோழரோ இருக்கின்றனர். கல்லூரி வாயிலையே மிதித்தறியாத உழவரும் நெசவாளரும் கட்டடத் தொழிலாளரும் தம் மகளை எங்குச் சேர்ப்பது என்று தெரியாமல், அந்த எண்ணையே ஊன்றுகோலாகப் பற்றுகின்றனர். நிலத்தை ஈடு வைத்தேனும், வீட்டு நகையை அடகு வைத்தேனும் 'பத்து இடம் முன்னே நிற்கும்' கல்லூரிக்குக் கட்டணம் கட்டுகின்றனர். அந்தப் பத்து இடத்திற்கு உண்மையில் எத்துணை மதிப்பு என்பதை அவர்க்கு எவரும் எடுத்துரைத்திலர். ஆகலின், அதனை அலகலகாகப் பிரித்துக் காட்டுதல் இற்றை நாளின் கடமையாகின்றது.

பல்கலைக்கழகங்களை வரிசைப்படுத்தும் வழக்கம் பழைமையானதன்று. அமெரிக்காவில் யு.எசு. நியூசு என்னும் கிழமை இதழ் 1983-இல் அதனை ஒரு விற்பனைச் சரக்காகத் தொடங்கிவைத்தது. உலகு தழுவிய முதற் பெரும் பட்டியலைச் சாங்காய் சியாவோதோங் பல்கலைக்கழகம் 2003-இல் வெளியிட்டது. அதன் நோக்கமோ மாணவர்க்கு வழிகாட்டுவது அன்று. சீனப் பல்கலைக்கழகங்கள் உலகின் முன்னணிப் பல்கலைக்கழகங்களினின்று எத்துணைத் தொலைவு பின்தங்கியுள்ளன என்று சீனர் தமக்குத் தாமே அளந்துகொள்ளச் செய்த முயற்சி அது. அதனால்தான் அதில் நூற்றுக்கு 30 மதிப்பெண், பழைய மாணவரும் ஆசிரியரும் பெற்ற நோபல் பரிசுகளுக்கும் கணக்கியலின் பீல்டுசு பதக்கத்திற்கும் ஒதுக்கப்பட்டது. நாற்பது ஆண்டுக்கு முன் ஒருவர் பெற்ற பரிசால் இன்று முதலாண்டு வகுப்பில் அமரும் பதினெட்டு அகவைப் பிள்ளைக்கு விளையும் பயன் யாது என்று அப் பட்டியலைத் தொகுத்தோர் சொல்லவில்லை. சொல்வது அவர்தம் வேலையும் அன்று. சீனம் தன்னை அளக்கச் செய்த கோலைக் கொண்டு மதுரைப் பிள்ளைக்குக் கல்லூரி தேடுவதுதான் பிழை.

அடுத்த ஆண்டே இலண்டனிலிருந்து டைம்சு உயர்கல்வி இதழும் கியூ.எசு. என்னும் வணிக நிறுவனமும் கூட்டாக ஒரு பட்டியலைக் கொணர்ந்தன. 2009-க்குப் பின் பிரிந்து தனித்தனிக் கடை விரித்தன. கியூ.எசு. பட்டியலில் நெடுங்காலம் நூற்றுக்கு 40 மதிப்பெண் கல்வியாளரிடையே உள்ள பெயர்ப் புகழுக்கே உரியதாக இருந்தது. 2023-இல் வெளியிட்ட பட்டியலிலிருந்து அது 30 ஆகக் குறைந்தது. வேலை தருவோரின் கருத்துக்கு உரியது 10-இலிருந்து 15 ஆயிற்று. கூட்டிப் பார்த்தால் இன்றும் ஏறத்தாழப் பாதி, 'அந்தக் கல்லூரியைப் பற்றி நீவிர் கேள்விப்பட்டிருக்கின்றீரா?' என்பதற்கு ஒப்பான வினாவுக்கு வந்த விடையே. அதே நிறுவனம் பல்கலைக்கழகங்களிடம் கட்டணம் பெற்று விண்மீன் மதிப்பீடு வழங்கும் தொழிலையும் நடத்துகின்றது. தேர்வு எழுதுபவனிடமே தனிப்பயிற்சிக் கட்டணம் வாங்கும் தேர்வாளரைப் பள்ளிக்கூடத்தில் எவரேனும் ஒப்புவரா?

இனி, தமிழ்நாட்டுப் பெற்றோர் மிகுதியும் எதிர்ப்படும் பட்டியலுக்கு வருவோம். நடுவணரசின் கல்வித்துறை 2015 செபுதம்பரில் தொடங்கி, 2016 ஏப்பிரலில் முதன்முறையாக வெளியிட்ட நிறுவனத் தரவரிசை அது, என்.ஐ.ஆர்.எப். என்னும் எழுத்துகளால் அறியப்படுவது. சென்னையிலுள்ள இந்தியத் தொழில்நுட்பக் கழகம் பொறியியற் பிரிவில் தொடக்க ஆண்டு முதலாகவும், அனைத்துப் பிரிவிலும் 2019 முதல் 2025 வரை தொடர்ந்தும் முதலிடம் பெற்றது இப் பட்டியலில்தான். பல்கலைக்கழகங்களுக்கும் பொறியியற் கல்லூரிகளுக்கும் அதன் பகுப்பு இது: கற்பித்தலும் அதற்குரிய வளங்களும் 30, ஆராய்ச்சியும் தொழில்வழிப் பணியும் 30, பட்டம் பெற்றோரின் நிலை 20, பல தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளுதல் 10, பிறர் கொண்டுள்ள கருத்து 10. தனியார் பட்டியல்களை நோக்க இஃது எவ்வளவோ ஒழுங்குடையது. அளவுகோல் வெளிப்படையாக உள்ளது. எவரிடமும் கட்டணம் பெறுவதில்லை. அதனை அடியோடு தள்ளுதல் அறிவுடைமை அன்று. ஆயினும் உள்ளே புகுந்து பார்த்தல் வேண்டும்.

'கற்பித்தல்' என்று பெயரிட்ட முப்பது மதிப்பெண்ணுக்குள் கற்பித்தல் எங்கே உள்ளது? எத்தனை மாணவர்க்கு ஓர் ஆசிரியர், ஆசிரியருள் முனைவர் எத்தனை பேர், நூலகத்திற்கும் ஆய்வகத்திற்கும் எவ்வளவு செலவிட்டனர் என்பன எண்ணப்படுகின்றன. இவை வேண்டியவையே. ஆனால் அவ் வாசிரியர் வகுப்பிற்கு வந்தாரா, வந்தவர் விளங்கச் சொன்னாரா, வினாக் கேட்ட மாணவனை மதித்து விடையிறுத்தாரா, பின்தங்கிய பிள்ளையை மாலையில் இருத்திவைத்துக் கணக்குச் சொல்லித் தந்தாரா என்பவற்றுக்கு அங்கு மதிப்பெண் இல்லை. எண்ணக் கூடியவற்றை எண்ணிவிட்டு, எண்ணக் கூடாதவற்றை இல்லாதவையாக ஆக்கிவிடுவது எல்லாப் பட்டியல்களுக்கும் பொதுவான குறை.

ஆராய்ச்சிக்குரிய முப்பதைப் பார்ப்போம். ஆய்வுக் கட்டுரைகள் எத்தனை, அவற்றைப் பிறர் எத்தனை முறை மேற்கோள் காட்டினர் என்னும் கணக்கை இசுகோப்பசு, வெப் ஆப் சயன்சு என்னும் இரு பன்னாட்டு நிறுவனத் தொகுப்புகளிலிருந்தே எடுக்கின்றனர். அத் தொகுப்புகளுள் பெரும்பாலன ஆங்கில இதழ்கள். தமிழில் வெளிவரும் ஆய்விதழ் ஒன்று அவற்றுள் இடம்பெறுதல் அரிதினும் அரிது. ஆங்கிலத்தில் எழுதாதவன் ஆராய்ச்சியே செய்யாதவன் என்பது இதன் உட்பொருள். இது தமிழர் மட்டும் சொல்லும் முறையீடு என்று எவரும் எள்ளிவிட வேண்டா. நெதர்லாந்தின் இலைடன் பல்கலைக்கழகத்து ஆய்வறிஞர் மூவர் 2011-இல் வெளியிட்ட கட்டுரையில், மேற்கோள் எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்ட தரவரிசைகளில் செருமானியமும் பிரெஞ்சும் எழுதும் பல்கலைக்கழகங்கள் தம் மொழியின் பொருட்டே கீழிறக்கப்படுகின்றன என்று கணக்கிட்டுக் காட்டினர். செருமானியத்துக்கும் பிரெஞ்சுக்குமே அந் நிலை என்றால், தமிழுக்கு என்ன நிலை என்பதைச் சொல்லவும் வேண்டுமோ?

ஒரு சான்று போதும். செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டம் 1974-இல் மொழிஞாயிறு தேவநேயப் பாவாணரை இயக்குநராகக் கொண்டு தொடங்கப்பட்டது. 1981-இல் அவர் மறைந்த பின்னும் அப் பணி தொடர்ந்து நடைபெற்றுப் பல மடலங்களாக வெளிவந்தது. வேர்ச்சொல் ஒவ்வொன்றையும் தேடித் தோண்டி எடுத்த அவ் வாழ்நாள் உழைப்பை மேற்கண்ட தொகுப்புகளில் தேடினால் கிடைப்பது என்ன? அவர் 1956 முதல் 1961 வரை அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியபோது இத்தகைய பட்டியல் ஒன்று இருந்திருப்பின், அவரால் அப் பல்கலைக்கழகத்திற்கு ஒரு புள்ளியும் ஏறியிராது. ஓலைச்சுவடிகளைப் படித்துப் பெயர்த்தெழுதித் தூசியில் கண்ணைக் கெடுத்துக்கொள்ளும் ஆய்வாளர் ஒருவரைவிட, எவரும் படிக்காத ஆங்கிலக் கட்டுரையை ஆண்டுக்குப் பன்னிரண்டு எழுதித் தம்முள் மாற்றி மாற்றி மேற்கோள் காட்டிக்கொள்ளும் குழுவினரே தம் கல்லூரியைப் பட்டியலில் ஏற்றுகின்றனர். இவ் விளையாட்டு அளவிறந்து போனமையால்தான் திரும்பப்பெற்ற கட்டுரைகளுக்கு மதிப்பெண் குறைக்கும் முறையை 2025-இல் நடுவண் தரவரிசையே புகுத்த நேர்ந்தது.

இதனினும் உறுத்துவது வேறொன்று. 'பல தரப்பினரையும் சேர்த்துக்கொள்ளுதல்' என்னும் பத்தில், பெண்களுக்கும் பொருளியலிலும் குமுகாய நிலையிலும் பின்தங்கியோர்க்கும் உடற்குறையுடையோர்க்கும் உரிய பங்குகள் உள, அவை முறையானவை. ஆனால் அப் பத்தில் மூன்று, பிற மாநிலங்களிலிருந்தும் அயல்நாடுகளிலிருந்தும் வந்து சேர்ந்த மாணவர் எத்தனை பேர் என்பதற்கு உரியது. இராமநாதபுரத்திலோ தருமபுரியிலோ ஒரு கல்லூரி, சுற்றியுள்ள நாற்பது சிற்றூர்களின் பிள்ளைகளை, அதுவும் வீட்டில் முதன்முதலாகப் பட்டம் பெற வரும் பிள்ளைகளைச் சேர்த்துப் படிக்கவைக்கின்றது என்று கொள்வோம். தன் மண்ணுக்குத் தான் செய்ய வேண்டிய கடனை அது முழுமையாகச் செய்கின்றது. அதற்காகவே அந்த மூன்று மதிப்பெண்ணையும் அது இழக்கின்றது! பட்டியலின் பின்பாதியில் ஓர் இடத்திற்கும் அடுத்த இடத்திற்கும் இடையே உள்ள வேறுபாடு பெரும்பாலும் ஒரு மதிப்பெண்ணின் சிறு பின்னமே. அங்கே மூன்று மதிப்பெண் என்பது பல படிகள் கீழே தள்ளவல்லது. அப் படியிறக்கத்தைக் கண்டு, 'அந்தக் கல்லூரி ஆகாது' என்று அதே ஊர்ப் பெற்றோர் முடிவு செய்கின்றனர்.

தாய்மொழியிற் பயிற்றுவதற்கோ பட்டியல்கள் பெரு மதிப்பு அளிப்பதில்லை. அண்ணா பல்கலைக்கழகம் 2010-இல் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழில் கற்பிக்கத் தொடங்கியது. தமிழ்வழி பயின்ற ஏழைப் பிள்ளைக்கு அது திறந்துவிட்ட கதவு சிறியதன்று.  வேற்று மாநிலத்து மாணவனைச் சேர்த்தால் புள்ளி. உள்ளூர்ப் பிள்ளைக்கு அவன் மொழியில் விளக்குவதற்கு உரிய மதிப்பு இல்லை.

இதுவரை சொன்னது அளவுகோலின் கோணல். இனி, அளக்கக் கொடுக்கும் பொருளின் பொய்ம்மை. தரவரிசைக்கு வேண்டிய செய்திகளுள் மிகுதியானவற்றைக் கல்லூரிகளே தம்மைப்பற்றித் தாமே எழுதித் தருகின்றன. தமிழ்நாட்டுப் பொறியியற் கல்லூரிகளில் நிகழ்ந்ததை எவரும் மறந்திருக்க மாட்டார். 2024-ஆம் ஆண்டில் அறப்போர் இயக்கத்தினர் பொதுவெளியில் கிடைத்த ஆசிரியர் பட்டியல்களை ஒப்பிட்டு, முந்நூற்றுக்கும் மேற்பட்ட ஆசிரியர்களின் பெயர்கள் ஒரே வேளையில் ஒன்றுக்கு மேற்பட்ட கல்லூரிகளில் முழுநேர ஆசிரியராகக் காட்டப்பட்டிருந்தமையை வெளிக்கொணர்ந்தனர். ஏமாற்று நடந்துள்ளதை அண்ணா பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டு உசாவலுக்கு ஏற்பாடு செய்தது. இருபது மாணவர்க்கு ஓர் ஆசிரியர் என்று ஏட்டில் எழுதியிருக்கும். வகுப்பிற்குள் நுழைந்தால் நாற்காலி மட்டும் இருக்கும். இத்தகைய எண்களின்மேல் எழுப்பிய பட்டியல் எத்துணை உறுதியுடையதாகும்? தரச்சான்று வழங்கும் நாக் அமைப்பின் ஆய்வுக்குழுத் தலைவர் உள்ளிட்ட பலரைக் கையூட்டுக் குற்றச்சாட்டின்மேல் நடுவண் புலனாய்வுத் துறை 2025 பிப்பிரவரியில் தளையிட்டதும் அண்மை நிகழ்ச்சியே.

வெள்ளையர் நாட்டில் இவ்வாறு நடவாது என்று எண்ணுவோர், அந்த மயக்கத்தையும் விடுதல் நன்று. நியூயார்க்கிலுள்ள கொலம்பியா பல்கலைக்கழகம் 2021-இல் வெளிவந்த யு.எசு. நியூசு பட்டியலில் இரண்டாம் இடத்தில் இருந்தது. அதே பல்கலைக்கழகத்தின் கணக்கியற் பேராசிரியர் மைக்கேல் தாடியசு, தம் பல்கலைக்கழகம் கொடுத்த எண்கள் பொருந்தவில்லை என்று 2022 பிப்பிரவரியில் விரிவாக எழுதி வெளியிட்டார். இருபது மாணவர்க்கும் குறைவான வகுப்புகள் 82.5 விழுக்காடு என்று பல்கலைக்கழகம் முன்னர்ச் சொல்லியிருந்தது. திருத்திச் சொன்னபோது அது 57 விழுக்காடாயிற்று. அந்த ஆண்டு செபுதம்பரில் வந்த புதிய பட்டியலில் அதன் இடம் 18. ஓராண்டிற்குள் அங்குக் கட்டடம் இடிந்ததா, ஆசிரியர் ஓடினரா, நூலகம் எரிந்ததா? ஒன்றும் இல்லை. இரண்டாம் இடத்திலிருந்தபோது எந்த வகுப்பறையில் எந்த ஆசிரியர் கற்பித்தாரோ, பதினெட்டாம் இடத்திலும் அவரே அங்குக் கற்பித்தார். பதினாறு படிகள் இறங்கியது பல்கலைக்கழகம் அன்று. அதைப்பற்றி எழுதிய தாள். 2023-இல் அது தன் இளநிலைப் படிப்புகளுக்குச் செய்தி தருவதையே நிறுத்திக்கொண்டது. பிலடெல்பியாவின் தெம்பிள் பல்கலைக்கழகத்திலோ, இணையவழி மேலாண்மைப் படிப்பிற்கு நான்காண்டுகள் தொடர்ந்து முதலிடம் பெறுவதற்காகப் பொய்யெண்கள் தந்த வணிகப் பள்ளித் தலைவர் 2022-இல் 14 மாதச் சிறைக்கு ஆளானார்.

அதனால்தான் தன்மதிப்புடைய கல்வி நிலையங்கள் ஒவ்வொன்றாக இப் பந்தயத்தினின்று விலகுகின்றன. அமெரிக்காவின் ரீடு கல்லூரி 1995-லேயே செய்தி தர மறுத்தது. யேல், ஆர்வர்டு சட்டப் பள்ளிகள் 2022-இல் விலகின. உட்ரெக்ட் பல்கலைக்கழகம் 2023-இலும் சூரிச்சுப் பல்கலைக்கழகம் 2024-இலும் டைம்சு பட்டியலை விட்டு நீங்கின. அதே டைம்சு பட்டியலில் பங்கேற்பதில்லை என்று மும்பை, தில்லி, கௌகாத்தி, கான்பூர், கரக்பூர், சென்னை, ரூர்க்கி ஆகிய ஏழிடங்களின் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்கள் 2020-இல் அறிவித்தன. அதன் முறை வெளிப்படையாக இல்லை என்பதே அவை சொன்ன கரணியம். முதலிடத்தில் உள்ளோரே ஐயுறும் அளவுகோலை நடுவிடத்தில் உள்ளோர் நெற்றியில் ஒட்டிக்கொண்டு திரிகின்றனர்.

அவ்வாறாயின் எந்தக் கல்லூரியில் சேர்ந்தாலும் ஒன்றுதானா? அன்று. இங்கே விழிப்பு வேண்டும். பட்டியலைப் பழிப்பதற்காகக் கல்லூரிகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று சொல்லிவிடுவது ஏழைப் பிள்ளைக்குச் செய்யும் வஞ்சம். 1976-இல் கல்லூரியிற் சேர்ந்த அமெரிக்க மாணவரைப் பின்தொடர்ந்து, டேல், குரூகர் என்னும் பொருளியல் அறிஞர் இருவர் 2002-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். ஒத்த தரமுடைய கல்லூரிகளுக்கு விண்ணப்பித்து ஒத்த வகையில் இடமும் பெற்ற மாணவருள், பெயர்பெற்ற கல்லூரிக்குச் சென்றவனும் அதனை விடுத்து எளிய கல்லூரிக்குச் சென்றவனும் பிற்காலத்தில் ஏறத்தாழ ஒரே அளவு வருவாயே ஈட்டினர் என்பது அதன் முடிவு. உயர்வுக்குக் கரணியம் கல்லூரியின் பெயர் அன்று. மாணவனின் திறமும் முயற்சியும் என்பது அதனாற் புலனாகின்றது. பட்டியலை எதிர்ப்போர் இதுவரை சொல்லி நிறுத்திக்கொள்வர். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஏழைக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு அவ்வாறில்லை என்று அவர்களே கண்டனர். பின்னர் மீண்டும் ஆராய்ந்தபோது, கல்வி குறைந்த பெற்றோரின் பிள்ளைகளுக்கும் கறுப்பின, இசுபானிய மாணவர்க்கும் நல்ல கல்லூரியால் விளைந்த நன்மை தெளிவாகத் தெரிந்தது.

வழிகாட்ட வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைக்குக் கல்லூரியே வீடாகவும் உறவாகவும் அமைகின்றது. அங்குக் கிடைக்கும் ஆசிரியரும் தோழரும் அறிமுகங்களும் வேறெங்கும் அவனுக்குக் கிடையா. ஆகவே முதல் தலைமுறைப் பிள்ளைக்குத்தான் கல்லூரித் தேர்வு மிக மிக முகாமையானது. அவனுக்குத்தான் அதனைச் சரியாகத் தேர்ந்தளிக்க ஆள் இல்லை. பட்டியல்கள் மேயும் இடம் இந்த இடைவெளியே.

ஆகலின் பட்டியலைச் சல்லடையாகக் கொள்ளலாம், நிறைகோலாகக் கொள்ளலாகாது. முதல் இருபதில் நிற்கும் கல்லூரிக்கும் இருநூறுக்கு அப்பால் நிற்கும் கல்லூரிக்கும் உள்ள வேறுபாடு பெரும்பாலும் உண்மையானது. நாற்பத்திரண்டுக்கும் ஐம்பத்தாறுக்கும் உள்ளது வெறும் நிழல். நடுவணரசுப் பட்டியலைச் செய்தோரும் இதனை உணர்ந்தவரே. பொறியியற் பிரிவில் நூறு இடங்களுக்குப் பின் தனித்தனி எண் தருவதை விடுத்து, 101 முதல் 150 வரை, 151 முதல் 200 வரை என்று தொகுதியாகவே தருகின்றனர். அவ்வறிவை முதல் நூற்றுக்கும் விரித்துக் கொண்டால் பெற்றோர்க்கு நன்மை. பிறிதொன்றும் நினைவிற் கொள்க: மாணவன் பயிலப்போவது பல்கலைக்கழகத்தில் அன்று, ஒரு துறையில். மொத்தத்தில் உயர்ந்த கல்லூரியின் வலுவற்ற துறையைவிட, பெயர் தெரியாத கல்லூரியின் நல்ல துறையே மேல். என்.பி.ஏ. என்னும் தகுதிச்சான்று படிப்புவாரியாக வழங்கப்படுவது. தட்டியில் உள்ள எண்ணைவிட, சேரவிருக்கும் படிப்பிற்கு அச் சான்று உண்டா என்பது பயனுடைய வினா.

தரவரிசையில் உள்ள எண்ணை ஒதுக்கினாலும், அதன்பொருட்டுக் கல்லூரிகள் கொடுத்த தாளை ஒதுக்கக் கூடாது. இதனைப் பலர் அறியார். நடுவண் தரவரிசைக்கு விண்ணப்பிக்கும் ஒவ்வொரு நிறுவனமும் தான் கொடுத்த செய்திகளைத் தன் இணையத்தளத்தில் வைத்தல் வேண்டும். அதில், குறித்த ஆண்டில் எத்தனை பேர் சேர்ந்தனர், அவருள் எத்தனை பேர் குறித்த காலத்தில் பட்டம் பெற்றனர், எத்தனை பேர் வேலை பெற்றனர், எத்தனை பேர் மேற்படிப்புக்குச் சென்றனர், வேலை பெற்றோரின் நடுவெண் ஊதியம் எவ்வளவு என்பன வரிசையாக உள்ளன. நடுவெண் என்பது, ஊதியங்களை ஏறுவரிசையில் நிறுத்தினால் நட்டநடுவில் நிற்பது. தட்டியில் காட்டப்படும் 'இத்தனை இலக்கம் உருபா' ஒரே ஒருவன் பெற்றது. நடுவெண்ணோ பாதிப்பேர் அதற்குக் கீழே என்பதைச் சொல்வது. எடுத்துக்காட்டாக, முந்நூறு பேர் சேர்ந்து, நூற்றெண்பது பேர் காலத்தில் பட்டம் பெற்று, அவருள் நூறு பேர் வேலை பெற்றிருந்தால், கல்லூரி அதனை எவ்வளவு அழகாக எழுதினாலும், சேர்ந்தவருள் மூன்றில் ஒருவர்க்கே வேலை என்பதுதான் கணக்கு. ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் போடக் கூடிய கணக்கு இது.

தாளைப் படித்தபின் நேரிற் செல்ல வேண்டும். விளம்பர நாளில், பந்தலிட்டு இனிப்புத் தரும் நாளில் செல்வதால் பயன் இல்லை. வேலை நாளில், அறிவிப்பின்றிச் செல்க. ஆய்வகக் கருவிகளின்மேல் தூசி உள்ளதா, நூலகத்தில் பிள்ளைகள் உள்ளனரா, துறை வாயிலில் எழுதியுள்ள ஆசிரியர் பெயர்களுள் எத்தனை பேர் உள்ளே அமர்ந்துள்ளனர் என்று பார்க்க. முதலாண்டு மாணவனைக் கேட்காதீர். அவனுக்கு இன்னும் புதுமை தீரவில்லை. மூன்றாமாண்டு மாணவன் ஒருவனைத் தேநீர்க் கடையில் கண்டு, பாடம் ஒழுங்காக நடக்கின்றதா, தவறிய பாடத்தை மீண்டும் எழுத உதவுவார் உண்டா, தமிழ்வழி வந்தவனை ஏளனம் செய்யாத ஆசிரியர் எத்தனை பேர் என்று கேட்க. அரை மணி நேரத்தில் அவன் சொல்லுவதை எந்தப் பட்டியலும் சொல்லாது. கட்டணம் என்று அச்சிட்டதற்கு மேல் ஆண்டுதோறும் வேறு எவ்வெப் பெயரில் வாங்குகின்றனர் என்பதையும் அவனே அறிவான்.

இத்துணையும் தனி ஒருவர் செய்யத்தக்கவை. ஆனால் தனி ஒருவர் விழித்திருந்தும் தப்ப முடியாதபடி ஆட்சியாளர் ஒன்று செய்துள்ளனர். நடுவணரசு 2024 நவம்பரில் வித்தியாலட்சுமி என்னும் கல்விக் கடன் திட்டத்திற்கு ஒப்புதல் வழங்கியது. ஈடும் பிணையாளரும் இன்றிக் கடன். ஏழரை இலக்கம் உருபா வரையிலான கடனுக்கு அரசின் 75 விழுக்காட்டுப் பொறுப்புறுதி. குடும்ப வருவாய் ஆண்டுக்கு எட்டு இலக்கத்திற்கு உட்பட்டோர்க்குப் பத்து இலக்கம் வரையிலான கடனுக்கு மூன்று விழுக்காட்டு வட்டிக் குறைப்பு. நல்ல திட்டமே, பெயரில் தமிழ் இல்லை என்பதை இப்போதைக்கு விட்டுவிடலாம். ஆனால் அதனைப் பெறத் தகுதியுடையவர் யாவர்? தரவரிசையில் முதல் நூற்றுள் வரும் நிறுவனங்களிலும், 101 முதல் 200 வரை வரும் மாநில அரசு நிறுவனங்களிலும், நடுவணரசின் நிறுவனங்களிலும் பயில்வோரே. தொடக்கத்தில் நாடு முழுவதிலும் 860 நிறுவனங்கள். எஞ்சிய கல்லூரிகளில் பயிலும் பிள்ளை வேறு கல்விக் கடனை நாடலாம். இந்த வாயில் மட்டும் அவனுக்கு அடைப்பு.

கடன் யார்க்குத் தேவை? ஏழைக்கு. தமிழ்நாட்டில் நானூற்றுக்கும் மேற்பட்ட பொறியியற் கல்லூரிகள் கலந்தாய்வில் இடம்பெறுகின்றன. அவற்றுள் முதல் நூறு என்னும் எல்லைக்குள் வருவன சிலவே. தன் ஊர்க்கருகிலுள்ள கல்லூரியில் நாளும் பேருந்தில் சென்று படிக்கும் பிள்ளை, அக் கல்லூரி பிற மாநிலத்தாரைச் சேர்க்கவில்லை என்பதற்காகவும் அதன் ஆசிரியர் ஆங்கிலக் கட்டுரை எழுதிக் குவிக்கவில்லை என்பதற்காகவும் வட்டிக் குறைப்பை இழக்கின்றது. கல்லூரியின் குறைக்கு மாணவன் தண்டம் கட்டுகின்றான். பட்டியலின் கோணல் இவ்வாறு குடும்பத்தின் கடன் சீட்டு வரைக்கும் வந்துவிட்டது. அயல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் இங்கு வந்து கிளை திறப்பதற்கும் உலகத் தரவரிசையில் முதல் ஐந்நூறு என்னும் எல்லையையே 2023-இன் விதிகள் வைத்துள்ளன. வணிக நிறுவனங்கள் தொகுத்த பட்டியலைச் சட்டத்தின் இடத்தில் அமர்த்தும் இப் போக்கைத் தமிழ்நாட்டுப் பாராளுமன்ற உறுப்பினர் அங்கே எழுப்பிக் கேட்டல் வேண்டும். கடனை மாணவனின் வறுமையையும் தகுதியையும் பார்த்துத் தருக. அவன் கல்லூரியின் எண்ணைப் பார்த்து அன்று என்பதே கோரிக்கை.

மாநில அரசு தன் அளவில் செய்யத்தக்கது இதனினும் எளிது. கலந்தாய்வு தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பே, ஒவ்வொரு கல்லூரியின் ஒவ்வொரு துறைக்கும் உரிய ஆசிரியர் பெயர்ப் பட்டியல், சேர்ந்தோர், காலத்தில் பட்டம் பெற்றோர், வேலை பெற்றோர், நடுவெண் ஊதியம், முழுக் கட்டணம் ஆகியவற்றை ஒரே தாளில், தமிழில், எல்லா மேனிலைப் பள்ளிகளின் அறிவிப்புப் பலகையிலும் ஒட்டச் செய்யலாம். ஓர் ஆசிரியரின் பெயர் இரண்டு கல்லூரிகளில் இருந்தால் அதனைப் பத்தாம் வகுப்பு மாணவனே கண்டுபிடித்துவிடுவான்.